ஒன்பதாம் எண் உலர்த்தி

செவ்வாய் இரவு. டொலிடோவில் பனி
கொட்டிக்கொண்டிருந்தது.
சலவையகத்தைச் சாத்திவிட்டு ரெனாட்டா கஸ்மாரெக்
உலர்த்திகளின் வயிற்றைத் திறந்து காசைக் கொட்டினாள்.
எல்லாம் கால் டாலர்கள்.
பத்தொன்பது வருடமாகக் காது எண்ணும்,
கை வெறுமனே வாரும்.

ஒன்பதாம் எண்ணிலிருந்து ஒன்று மட்டும்
கணீரென்று விழுந்தது.
மற்றதெல்லாம் தகரம் பேசுகிற இடத்தில்
வெள்ளி வாய் திறந்தது போல.

அழுக்கில் வருடம் தெரியவில்லை.
சமையல் சோடாவைத் தொட்டுக்
கட்டைவிரலால் நாலு தேய்.
பழக்கதோஷம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு.
புரட்டினால் கழுகு,
அதன் காலடி இலைக்கொத்துக்குக் கீழே
எள்ளளவு ஒரு ‘டி’.

வெள்ளிக்கிழமை லைல் ஹோக்ஸ்ட்ராவின் காசுக்கடை.
கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு
வெகுநேரம் மூச்சுவிடாமல் இருந்தார்.
“இந்த எழுத்தைப் பிறகு ஒட்டி விற்கிறவர்கள் உண்டு.
இது கூடப்பிறந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.
எனக்குத் தோன்றுவதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?
தரம் பார்க்க அனுப்புங்கள்.
எழுபதுக்கு இத்தனை என்று ஓர் எண் போட்டு
பிளாஸ்டிக் வில்லைக்குள் சீல் வைத்துத் தருவார்கள்.”

எண் இல்லாமல் தொண்ணூறு.
எண்ணோடு நூற்றுத் தொண்ணூறு போகும், போகலாம்.
கட்டணம் நாற்பது,
போக, வர, காப்பீட்டோடு தபால் முப்பத்தைந்து.
சோப்புத்தூள் பில்லின் முதுகில் கழித்துப் பார்த்தாள்:
இருபத்தைந்து டாலர் லாபம்.
ஒரு காலுக்குள்ளிருந்து நூறு கால்கள்.

ஹோக்ஸ்ட்ரா காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்தார்.
“துடைத்தீர்களா?”

இந்தத் தெருவின் ரத்தம், கடுகுச் சாறு, கிரீஸ்,
கைக்குழந்தை கக்கிய பால்
அத்தனையும் எடுத்தவள் அவள்.
சுத்தம் குற்றமாகும் ஒரு தொழிலை
இப்போதுதான் பார்க்கிறாள்.

“நான் சொல்லாவிட்டால்?”
“நீங்கள் சொல்ல வேண்டாம். அது சொல்லும்.
மயிரிழைக் கீறல்கள், இதோ.
எண் தரமாட்டார்கள். ‘அசல், துடைக்கப்பட்டது’ என்று
எழுதி அனுப்புவார்கள்.
நானும் இனி ஐம்பதுதான் தருவேன்.”

காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்றே
பெயர் வைத்த மொழி ஒன்று இருப்பது
ஹோக்ஸ்ட்ராவுக்குத் தெரியாது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்று அதில் சொல்வார்கள் என்பதும்.
இங்கேயும் அதே பின்னம்தான்:
காசு கால், கூலி எழுபத்தைந்து.

ஆனால் கீறலை அவர்தானே பார்த்தார்?
அவள் கண்ணுக்கு அகப்படவில்லை.
அந்த நாற்பது டாலர் காசுக்கான கட்டணம் இல்லை,
ஹோக்ஸ்ட்ராவை நம்பாமல் இருப்பதற்கான விலை
என்று பேருந்தில் தோன்றியது.
நல்ல மனுஷர்தான். அதற்கு
நாற்பது அதிகம்.
இல்லை, குறைவோ.

விண்ணப்பப் படிவத்தில் ஏழாவது கட்டம்:
உரிமையாளர் அறிவிக்கும் மதிப்பு.
அதைத் தெரிந்துகொள்ளத்தானே அனுப்புகிறேன்,
முதலில் நீ சொல் என்றால்?
பேனாவை மூடினாள்.

அன்று ஒன்பதாம் எண்ணில் இதைப் போட்டது யார்?
ஈரப் பனியுடுப்போடு ஒரு பையனும்
எல்லாப் பையையும் வெளியே இழுத்துத் தேடிய
அவன் அப்பாவும் நினைவுக்கு வந்தார்கள்.
அது திங்களாகவும் இருக்கலாம்.
யாரோ. அவருக்கு இது
எட்டு நிமிடச் சூடு,
ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பூட்டிய கடையில் அவள்
காசைப் பள்ளத்தில் வைத்துத் தள்ளினாள்.
ஒன்பதாம் எண் எதையும் கேட்கவில்லை.
காலி வயிற்றோடு சுற்றத் தொடங்கியது.
கதவைத் திறந்தால் நின்றுவிடும் என்பதால்
கண்ணாடி மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து
முழு எட்டு நிமிடமும் நின்றாள்.

பிறகு சாவி எடுத்து
பெட்டியைத் திறந்து
திரும்ப எடுத்துக்கொண்டாள்.
சூடாக இருந்தது.
இந்த முறை துடைக்கவில்லை.